சட்டைக் காலரில் ஒரு துளி: மரபணுத் தடயவியலாளரின் வேலை எப்படிப்பட்டது?

2007 செப்டம்பர் மாதம், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவாசலில் கிடந்த விளையாட்டுப் பைக்குள் ஒரு சிறுமியின் உடல் இருந்தது. அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்புதான் வங்சா மாஜுவில் இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயதுச் சிறுமி காணாமல் போயிருந்தாள். நாடே அவளைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பெற்றோரை அழைத்து வந்து உடலைக் காட்டினார்கள். தங்கள் மகள் இல்லை என்றார்கள் பெற்றோர். சில நாளில் மரபணு சோதனையின் முடிவு வந்தது. அவர்களுடைய மகள்தான்.

பெற்ற கண்கள் இல்லை என்று சொன்ன பிறகு, ஆம் என்று ஒரு தாளில் எழுத வேண்டியிருந்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் பெயர் செய்திகளில் பெரிதாக வரவில்லை, வரவும் தேவையில்லை. அந்த நாற்காலியில் அமர்வது எப்படிப்பட்ட வேலை என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டால், மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற வழக்கமான பதில்களுக்கு இடையே இப்போது 'ஃபோரன்சிக்' என்ற சொல்லும் காதில் விழுகிறது. தொலைக்காட்சித் தொடர்கள் செய்த வேலை இது. அந்தத் தொடர்களில் வருவதற்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொடரில் ஒரே ஆள் சம்பவ இடத்துக்கு ஓடுவார், ரத்தத்தை எடுப்பார், கணினியில் போடுவார், குற்றவாளியின் படம் திரையில் மின்னும், அவரே துப்பாக்கியோடு போய்க் கதவைத் தட்டுவார். நம் நாட்டில் சம்பவ இடத்தில் தடயங்களைச் சேகரிப்பது போலீசாரின் தடயவியல் பிரிவு. கொலை வழக்குகளில் பெரும்பாலும் அவற்றைப் பரிசோதிப்பது இரசாயன இலாகா. பெட்டாலிங் ஜெயா ஜாலான் சுல்தானில் இருக்கும் அந்த அரசாங்க ஆய்வகத்தைக் கடந்து எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போகிறார்கள். போலீஸ் படைக்கும் செராஸில் சொந்தத் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. மரபணுத் தடயவியலாளர் யாரையும் துரத்துவதில்லை, யாரையும் விசாரிப்பதில்லை. பெரும்பாலான நாள்கள் அவர் பார்ப்பது துணி, பஞ்சு, பற்தூரிகை, சிகரெட் துண்டு, கத்திப் பிடி. பிணவறை அவர் அலுவலகம் அல்ல. அது மருத்துவர்களின் இடம். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலையா?" என்று தயங்கும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்லலாம்.

உறையிலிருந்து திரை வரை

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஓர் அடிதடி, ஒருவர் இறந்துவிட்டார். சந்தேக நபரின் சட்டைக் காலரில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. அந்தச் சட்டை ஆய்வகத்துக்குக் காகித உறையில் வரும், பிளாஸ்டிக் பையில் வராது. நம் ஊர் வெக்கையில் ஈரத்துணியை பிளாஸ்டிக்கில் போட்டு மூடினால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்; கிருமிகள் மரபணுவைத் தின்றுவிடும். உலர்த்தி, காகிதத்தில் வைத்தால் பல ஆண்டு தாங்கும். குளிர்நாட்டுப் பாடநூலில் இரண்டு வரியில் முடியும் இந்த விஷயம், இங்கே வழக்கை வாழவைப்பதும் சாகடிப்பதுமாக இருக்கிறது.

உறையைத் திறப்பதற்கு முன் முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும், கறையை அளந்து வரைய வேண்டும். அதன் பிறகே முதல் சோதனை. பஞ்சுக்குச்சியால் கறையைத் தொட்டு, பினாப்தலீன் கலந்த திரவமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால் உடனே இளஞ்சிவப்பாக மாறும். அப்படியானால் ரத்தமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிட வேண்டும். சில காய்கறிச் சாறுகளும் இந்த நிறத்தைக் காட்டும். கோழி ரத்தமும் காட்டும். ஆகவே மனித ரத்தம்தானா என்று இன்னொரு சோதனை.

பிறகு கறையில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பார்கள். எவ்வளவு கிடைத்தது என்று அளப்பார்கள். ஒரு நானோகிராம் இருந்தால் வேலை சுகமாக நடக்கும்; அது ஏறக்குறைய 150 உயிரணுக்களில் இருக்கும் அளவு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதைப் பெருக்கும் இயந்திரத்தின் பெயர் கோவிட் காலத்தில் நம் எல்லார் வாயிலும் புழங்கியதுதான்: பிசிஆர். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். 28 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு பிரதி 268 மில்லியன் ஆகிவிடும்.

எதைப் பெருக்குகிறார்கள்? நம் மரபணு இழையில் சில இடங்களில் ஒரு சின்ன எழுத்துக் கோவை, சிக்குக் கோலத்தில் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவதுபோல, அடுத்தடுத்து வரும். ஓர் இடத்தில் எனக்கு அது 8 முறையும் 11 முறையும் வரலாம். ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. உங்களுக்கு 9, 12 ஆக இருக்கலாம். இப்படி இருபது இடங்களைப் போலப் பார்த்தால் எண்களின் ஒரு வரிசை கிடைக்கும். அதுதான் ஒருவரின் மரபணுக் குறிப்பு. திரையில் அது மலைமுகடுகளாகத் தெரியும். நோய், நிறம், குணம் எதுவும் அந்த எண்களைப் பார்த்தால் தெரியாது. ஒற்றைக் கரு இரட்டையர்களுக்கு வரிசை ஒன்றேதான். அவர்களை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

சட்டைக் காலரில் ஒருவரின் ரத்தம் மட்டும் இருந்தால் முகடுகள் தெளிவாக இருக்கும். ஆனால் காலர் என்பது வியர்வை படியும் இடம். அணிந்தவர், அவருடைய மனைவி, சலவைக் கூடையில் கூடக் கிடந்த தம்பியின் பனியன் என்று எல்லாம் கலந்து வந்தால் மூன்று பேரின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எது சிறு முகடு, எது இயந்திரத்தின் இரைச்சல், எதை எண்ணலாம், எதை விட வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சில சமயம் 'இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதுவதே சரியான விடை. விசாரணை அதிகாரிக்கு அது பிடிக்காது. அதற்காக மாற்றி எழுத முடியாது. முடிவை இன்னொரு அதிகாரி முதலிலிருந்து சரிபார்த்த பிறகே அறிக்கை வெளியே போகும்.

ஒரு மில்லியனில் ஒருவர் என்றால்?

'பொருந்துகிறது' என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது. எவ்வளவு அரிதான பொருத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு அந்த எண்கள் மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோரிடையே இந்த எண்களின் பரவல் வேறுபடுவதால், அந்தந்தச் சமூகத்தின் தரவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் எடுத்த கணக்கை எஸ்டேட்டில் பிறந்த ஒருவருக்குப் போட்டுப் பார்த்தால் சரிவராது.

இங்கே படித்தவர்களே வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பாதி அழிந்துபோன ஒரு கறை; கிடைத்த சில எண்களை வைத்துப் பார்த்தால், சம்பந்தமில்லாத ஒருவருக்கும் இந்த வரிசை இருக்கும் வாய்ப்பு மில்லியனில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 'அப்படியானால் இவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு மில்லியனில் ஒன்று' என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால் தலையாட்டத் தோன்றும். அது தவறு. மலேசிய மக்கள்தொகை சுமார் 34 மில்லியன். அந்தக் கணக்குப்படி நாட்டில் ஏறக்குறைய 34 பேருக்கு அதே வரிசை இருக்கக்கூடும். வேறு எந்தச் சாட்சியும் இல்லாவிட்டால் அவர் அந்த 34 பேரில் ஒருவர், அவ்வளவுதான். முழு இருபது இடங்களும் கிடைத்தால் எண் பிரமாண்டமாகி இந்தச் சிக்கல் கரைந்துவிடும். ஆனால் வழக்குகள் எப்போதும் முழுதாகக் கிடைப்பதில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கும் அறிவியலாளர் அந்த வழக்கறிஞரைத் திருத்தியாக வேண்டும், அவர் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தாலும். கணிதம் வராது என்பதால் உயிரியல் பக்கம் வந்தேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள்.

இந்தத் துறை பிறந்ததே ஒருவரை விடுவித்துத்தான். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இந்த முறையைக் கண்டார். பக்கத்து ஊர்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். ஜெஃப்ரீஸ் சோதித்தபோது இரண்டையும் செய்தது ஒரே ஆள், அது அந்த இளைஞன் அல்ல என்று தெரிந்தது. பிறகு அந்த வட்டாரத்தின் 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். யாரும் பொருந்தவில்லை. உண்மையான குற்றவாளி காலின் பிட்ச்ஃபோர்க், தன் பெயரில் ரத்தம் கொடுக்க ஒரு சக தொழிலாளியை அனுப்பியிருந்தார். அந்தத் தொழிலாளி மதுக்கடையில் வாய்விட்டதில்தான் குட்டு உடைந்தது. ஆய்வகம் கண்டுபிடித்ததில் பாதி, ஊர்ப்பேச்சு கண்டுபிடித்ததில் பாதி.

பஞ்சுக்குச்சி செய்த கொலைகள்

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த மரபணு, ஒரு பெண்ணுடையது. தரவு வங்கியில் தேடினால் அதே பெண் 1993இல் நடந்த ஒரு கொலையிலும் இருக்கிறாள். திருட்டில் இருக்கிறாள், போதை ஊசியில் இருக்கிறாள், ஆஸ்திரியாவில் இருக்கிறாள், பிரான்சில் இருக்கிறாள். சுமார் 40 சம்பவங்கள். அவளைப் பிடித்துத் தருவோருக்கு 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள்.

2009இல், எரிந்துபோன ஓர் ஆணின் ஆவணங்களைச் சோதித்தபோது அதிலும் அதே 'பெண்' வந்தாள். அப்போதுதான் சந்தேகம் பிறந்தது. தேடிப் பார்த்தால், மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளிலேயே அந்த மரபணு இருந்தது. அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளியின் மரபணு அது. கிருமி இல்லாத குச்சிகள்தாம். ஆனால் கிருமியை அழித்தால் மரபணுவும் அழிந்துவிடும் என்பதில்லை. பல ஆண்டுகள், எத்தனையோ அதிகாரிகளின் உழைப்பு, எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்த குச்சியைத் துரத்தியதில் போனது. தடயச் சேகரிப்புப் பொருள்களில் மனித மரபணு இருக்கக் கூடாது என்பதற்கென்றே 2016இல் ஒரு அனைத்துலகத் தரநிலை வெளியானது.

அதனால்தான் இன்று ஆய்வக ஊழியர்களின் மரபணுக் குறிப்புகளையும் தனியே பதிந்து வைக்கிறார்கள். ஒரு முடிவில் ஊழியரின் எண்கள் வந்துவிட்டால் உடனே தெரியும். பாதிக்கப்பட்டவரின் துணியும் சந்தேக நபரின் துணியும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் திறக்கப்படுவதில்லை. எதுவுமே போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓடும். அதில் முகடு எழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். முகக்கவசம், கையுறை, மேலங்கி மாட்டி, பேச்சைக் குறைத்து, ஒரே படிவத்தை ஆண்டுக்கணக்கில் ஒரே கவனத்தோடு நிரப்ப முடியுமா என்று ஆர்வமுள்ளவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பரபரப்பு தேடுபவர்களுக்கு இது தோதான இடமல்ல.

கூண்டில் நிற்கும்போது

மலேசியாவில் மரபணுத் தரவு வங்கி 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டத்தின் கீழ் வருகிறது. போலீஸ் படை அதை நடத்துகிறது. சம்பவ இடத் தடயங்கள், சந்தேக நபர்கள், தண்டனை பெற்றவர்கள், காணாமல் போனோர் எனத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, வங்கியின் தகவலை நீதிமன்றத்தில் அடையாளத்துக்கான முடிவான சான்றாக ஏற்கலாம் என்கிறது. என் பார்வையில் இது கொஞ்சம் பயமுறுத்தும் வாசகம். முடிவான சான்று என்று சட்டமே சொல்லிவிட்டால், முடிவு பிழையாகாமல் காக்கும் பாரம் முழுக்க ஆய்வக மேசைக்கு வந்துவிடுகிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவுப்படி அரசாங்க இரசாயன நிபுணரின் அறிக்கை சாட்சியமாக ஏற்கப்படும். விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதன் பிரதி கிடைக்க வேண்டும். அவர் தரப்பு கேட்டால் நிபுணர் நேரில் வர வேண்டும். பெரிய வழக்குகளில் பல நாள் குறுக்கு விசாரணை நடக்கும். உறை எண் ஏன் மாறியிருக்கிறது, மாதிரி எந்தக் குளிர்பெட்டியில் இருந்தது, இரண்டு நாள் தாமதம் ஏன் என்று துருவுவார்கள். அறிவியலில் தோற்காத வழக்குகள் இப்படிப்பட்ட கேள்விகளில் தோற்கும். 'இந்த ரத்தம் இறந்தவருடையதா?' என்றால் பதில் சொல்லலாம். 'அவரை இவர்தான் குத்தினாரா?' என்றால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். கறை எப்போது பட்டது, எப்படிப் பட்டது என்பதை அந்த எண்கள் சொல்லாது. காயம்பட்டவரைத் தூக்கி உதவியவர் சட்டையிலும் ரத்தம் இருக்கும்.

சொல்லவேண்டியதை மலாயிலும் ஆங்கிலத்திலும் பிசிறில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

பெயர் கொடுக்கும் வேலை

குற்றவாளியைக் காட்டுவதைவிட, இறந்தவர் யாரென்று சொல்வதில் இந்தத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. 2015 செப்டம்பரில் காணாமல் போன அரசுத் துணை வழக்கறிஞர் கெவின் மொராய்ஸின் உடல், சுபாங் ஜெயாவில் சிமெண்ட் நிரப்பிய எண்ணெய்த் தோம்பில் கிடைத்தது. அடையாளத்தை உறுதி செய்தது மரபணு. 2017 பிப்ரவரியில் கேஎல்ஐஏ 2இல் கொல்லப்பட்ட கிம் ஜோங் நாமின் கடப்பிதழில் வேறு பெயர் இருந்தது. அவருடைய பிள்ளையின் மரபணுவோடு ஒப்பிட்டே உறுதி செய்தார்கள். அந்த வழக்கில் வி-எக்ஸ் என்ற நச்சைப் பற்றி நீதிமன்றத்தில் விளக்கியவர் இரசாயன இலாகாவின் டாக்டர் ராஜா சுப்ரமணியம். மரபணு அவர் துறை அல்ல; ஆனாலும் உலகம் முழுக்கக் கவனித்த வழக்கில் நம்மவர் ஒருவர் நிபுணராக நின்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்துவிட்ட பிள்ளைகள். வீட்டில் பிரசவம், பதியாத திருமணம், தோட்டம் மாறிப் போனதில் தொலைந்த ஆவணங்கள் என்று காரணம் பல. தாமதப் பதிவுக்குப் போகும்போது, இவர்கள்தாம் பெற்றோரா என்ற சந்தேகம் எழுந்தால் தேசியப் பதிவு இலாகா மரபணு சோதனை கேட்பதுண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவுவதோடு சரி, வலி இல்லை. பிள்ளையின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் தாயிடமும் ஓர் எண் தந்தையிடமும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிசகினால் அது இயல்பான மாற்றமாக இருக்கலாம்; பல இடங்களில் பிசகினால் உறவில்லை. இந்த முறை 1985இல் முதன்முதலாக உதவியதே இப்படி ஒரு குடும்பத்துக்குத்தான்: இங்கிலாந்தில் நுழைய மறுக்கப்பட்ட கானா நாட்டுப் பையன் அந்தத் தாயின் மகன்தான் என்று நிறுவியது அது.

குடும்பங்கள் இரண்டு விஷயங்களை அறிந்து போக வேண்டும். சோதனை ரத்த உறவை நிரூபிக்கும். குடியுரிமையைத் தராது, அதற்குச் சட்டத்தின் வேறு நிபந்தனைகள் இருக்கின்றன. அடுத்து, எல்லா முடிவும் எதிர்பார்த்தபடி வராது. இத்தனை ஆண்டு அப்பா என்று அழைத்தவர் அப்பா இல்லை என்று ஒரு தாள் சொல்லக்கூடும். அந்தத் தாளை எழுதுபவருக்கு அவர்களுடைய முகம் தெரியாது, எழுதத்தான் வேண்டும்.

என்ன படிப்பது?

எஸ்பிஎம்மில் அறிவியல் பிரிவு; உயிரியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் வேண்டும். பிறகு எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அடித்தளக் கல்வி. தடயவியல் இளங்கலைப் பட்டம் வேண்டுமென்றால் குபாங் கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்திலும் படிக்கலாம். ஆனால் மரபணு மேசைக்குப் போக விரும்புகிறவர் மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல், மரபியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து வருவதே எனக்குப் பாதுகாப்பான வழியாகப் படுகிறது. அரசாங்க ஆய்வகங்களில் இடங்கள் குறைவு. பொதுச் சேவை ஆணையம் அறிவிக்கும்போதுதான் கதவு திறக்கும். மூலக்கூறு உயிரியல் கையில் இருந்தால் காத்திருக்கும் காலத்தில் மருத்துவமனை ஆய்வகம் இருக்கிறது, உணவில் பன்றி மரபணு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஹலால் சோதனை இருக்கிறது, கடத்தப்பட்ட விலங்குகளின் இனத்தைக் கண்டறியும் வனவிலங்குத் தடயவியல் இருக்கிறது. இயந்திரம் ஒன்றே, மாதிரிதான் வேறு.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. விடுமுறை நாளில் ஷா ஆலம் அல்லது ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போய், ஒரு நிபுணர் சாட்சியம் சொல்லும்போது பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். உடை கண்ணியமாக இருக்கட்டும், கைப்பேசி அணைந்திருக்கட்டும். மதிய உணவு இடைவேளைக்குள் கொட்டாவி வந்துவிட்டதா, அல்லது அடுத்த கேள்விக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கத் தோன்றியதா என்பதை வீட்டுக்கு வந்து அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள்.